மூளைக்குக் கதிர்வீச்சு: பிந்தி வந்த கணக்கு

மூளையில் புற்றுக்கட்டி வந்தவருக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் பலன் உண்டா? இந்தக் கேள்விக்கு எண்ணிக்கையோடு ஒரு தெளிவான பதில் 1978-ல் வெளியானது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. மிக வேகமாக வளரும் கிளையோமா என்ற வகைக் கட்டி உள்ளவர்களுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு, சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி அவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இரண்டாவது பிரிவுக்கு பி.சி.என்.யு. என்ற மருந்து. மூன்றாவதற்கு மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு. நான்காவதற்கு மருந்து, கதிர்வீச்சு இரண்டும். 222 பேரின் விவரங்கள் கடைசிக் கணக்கில் வந்தன.

முதல் பிரிவில் பாதிப்பேர் 14 வாரத்துக்குள் இறந்துவிட்டார்கள். மருந்து மட்டும் வாங்கியவர்களுக்கு அது 18.5 வாரம். கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு 35 வாரம். இரண்டும் வாங்கியவர்களுக்கு 34.5 வாரம்.

14 வாரம் 35 வாரமாக ஆனது. மூன்று மாதம் என்று சொல்லப்பட்ட ஒருவருக்கு எட்டு மாதம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் குடும்பத்தைக் கேட்டால்தான் தெரியும். அதன் பிறகு கதிர்வீச்சு தேவையா என்று யாரும் வாதாடவில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு விஷயம் இல்லை. பத்து வருடம் கழித்து அந்த நோயாளியின் மூளை எப்படி இருக்கும்? அது கணக்கில் வர வேண்டிய அவசியமே அன்று இருக்கவில்லை. பாதிப்பேர் ஒரு வருடம்கூட இருக்கப்போவதில்லை என்னும்போது பத்து வருடத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

மூளைக் கதிர்வீச்சின் பக்க விளைவுகளைப் பற்றிய வரலாறே இதுதான். பாதிப்பு முதலிலிருந்தே இருந்தது. நோயாளிகள் அதிக நாள் உயிரோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

மூளையை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை

நம் ஊரில் கதிர்வீச்சு சிகிச்சையை 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்வார்கள். உண்மையில் உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே படம் எடுக்கப் பயன்படும் அதே வகைக் கதிர்களை, பல மடங்கு அதிக சக்தியோடு, கட்டி இருக்கும் இடத்தைப் பார்த்துச் செலுத்துகிறார்கள். அது செல்களின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. உடைந்த செல் அடுத்த முறை இரண்டாகப் பிரியப் பார்க்கும்போது இறந்துபோகிறது.

ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த வருடமே டாக்டர்கள் அதை வைத்து நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அதன் ஆபத்தும் சீக்கிரமே தெரிந்தது. எடிசனிடம் எக்ஸ்ரே வேலை பார்த்த உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கைகளில் புண் வந்து, அது புற்றாகி, கைகளை வெட்டி எடுத்தும் பிழைக்காமல் 1904-ல் இறந்தார். எடிசன் அதற்குப் பிறகு எக்ஸ்ரே பக்கமே போகவில்லை.

டாலிக்கு வந்தது தோலில் வந்த பாதிப்பு. கண்ணால் பார்க்க முடிந்தது. மூளை விஷயம் வேறு. 1906-ல் பிரான்சில் பெர்கோனியே, ட்ரிபோந்தோ என்ற இருவர் ஒரு விதியைச் சொன்னார்கள். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கதிர்வீச்சு அதிகம் தாக்கும் என்பது அந்த விதி. வளர்ந்த மனிதனின் நரம்புச் செல்கள் பெருகுவதில்லை. அப்படியென்றால் மூளை கதிர்வீச்சைத் தாங்கும் உறுப்பு என்று பலர் முடிவு கட்டினார்கள். இந்த நம்பிக்கை பல பத்தாண்டுகள் நீடித்தது.

அது தவறு என்பதற்கு ஒரு தடயம் 1930-லேயே கிடைத்தது. ஜெர்மனியில் ஃபிஷர், ஹோல்ஃபெல்டர் என்ற இரண்டு டாக்டர்கள், தலைத்தோலில் வந்த புற்றுக்காக எக்ஸ்ரே சிகிச்சை பெற்ற ஒருவரின் மூளையில், சிகிச்சை முடிந்து பல காலம் கழித்து, ஒரு பகுதி செத்துக் கிடந்ததை எழுதினார்கள். கட்டி இருந்தது தோலில், பாதிப்பு வந்தது உள்ளே இருந்த மூளையில்!

இவர்கள் எழுதியதை ஒரு அபூர்வ சம்பவமாகத்தான் உலகம் எடுத்துக்கொண்டது. அதற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் கால இயந்திரங்களின் கதிர்கள் பலவீனமானவை. பெரும்பகுதி தோலிலேயே தங்கிவிடும். மூளைக்குள் அதிகமாகச் செலுத்தப் பார்த்தால் முதலில் தோல் வெந்துபோகும். டாக்டர் அங்கேயே நிறுத்திவிடுவார். அதாவது, மூளைக்குத் தோல் ஒரு காவலாக இருந்தது.

1951-ல் அந்தக் காவல் போய்விட்டது. அந்த வருடம் கனடாவில், லண்டன் என்ற ஊரிலும் சாஸ்கட்டூனிலும், கோபால்ட் 60 இயந்திரங்களில் நோயாளிகளுக்குச் சிகிச்சை ஆரம்பமானது. இதன் கதிர்கள் தோலை அதிகம் தொடாமல் ஆழத்துக்குப் போகும். 1953-ல் இங்கிலாந்தின் லண்டனில் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் லீனியர் ஆக்சிலரேட்டர் வந்தது. இப்போது மூளைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எங்கே நிறுத்துவது என்பதைத் தோல் இனிமேல் சொல்லாது. மூளையேதான் சொல்ல வேண்டும். மூளையோ மிகத் தாமதமாகச் சொல்லும்.

60 என்ற எண்

கதிர்வீச்சின் அளவை 'கிரே' என்ற அலகில் சொல்வார்கள். மருந்துக்கு மில்லிகிராம் மாதிரி. மேலே சொன்ன 1978 ஆய்வில் 50 முதல் 60 கிரே வரை கொடுத்தார்கள். அதே குழுவினர் மறு வருடம் இன்னொரு கணக்கை வெளியிட்டார்கள். 50 கிரே வாங்கியவர்களில் பாதிப்பேர் 28 வாரம் வரை இருந்தார்கள். 55 கிரேயில் 36 வாரம். 60 கிரேயில் 42 வாரம். அளவு கூடக்கூட ஆயுள் கூடியது. இப்படித்தான் 60 என்ற எண் நிலைபெற்றது. இன்றைக்கும் கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டிக்கு வழக்கமான அளவு 60 கிரேதான்.

அதை ஒரே நாளில் கொடுத்தால் மூளை தாங்காது. ஒரு நாளைக்கு 2 கிரே வீதம், வாரம் ஐந்து நாள், ஆறு வாரம் என்று 30 தவணையாகக் கொடுக்கிறார்கள். இந்தத் தவணை முறை பாரிஸில் வந்தது. 1920-களில் ரெகோ, கூத்தார் என்ற இரண்டு டாக்டர்கள், கதிர்வீச்சைப் பல நாளுக்குப் பிரித்துக் கொடுத்தால் புற்றுச் செல்கள் சாகும், நல்ல செல்கள் இடையில் தங்களைச் சரிசெய்துகொள்ளும் என்று காட்டினார்கள். வட்டிக்கடையில் பெரிய தொகையை மொத்தமாகக் கட்டச் சொன்னால் குடும்பம் நொடிந்துவிடும், தவணையாகக் கட்டினால் சமாளித்துவிடும் அல்லவா? கிட்டத்தட்ட அந்த மாதிரி. இந்தத் தவணையின் அளவுதான் பின்னால் வரும் கதையில் முக்கியமான பாத்திரம்.

மூன்று காலம்

1980-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ஷெலைனும் அவருடைய சக டாக்டர்களும் அதுவரை தெரிந்த பாதிப்புகளை எல்லாம் தொகுத்து, அவற்றைக் காலத்தை வைத்து மூன்றாகப் பிரித்தார்கள். இன்றும் பாடப்புத்தகங்களில் இருப்பது அந்தப் பிரிவுதான்.

1. சிகிச்சை நடக்கும்போதே வருவது. தலைவலி, வாந்தி, சோர்வு. மூளையில் ஏற்படும் வீக்கம்தான் பெரும்பாலும் காரணம். ஸ்டீராய்டு கொடுத்தால் குறையும். முடி கொட்டுவதும் இந்தக் காலத்தில்தான்.

2. சிகிச்சை முடிந்து சில வாரம் முதல் ஆறு மாதம் வரை வருவது. நாள் முழுக்கத் தூக்கம், மறதி, பழைய அறிகுறிகள் திரும்புவது. நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற உறை தற்காலிகமாகப் பாதிக்கப்படுவதால் வருகிறது. பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். கட்டி திரும்ப வந்துவிட்டது என்று நினைத்துப் பல குடும்பங்கள் கலங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

3. ஆறு மாதத்துக்குப் பிறகு, சில சமயம் பல வருடம் கழித்து வருவது. இது பெரும்பாலும் திரும்பிப் போகாது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெட்டு, மூளையின் வெள்ளைப் பகுதி சிதைகிறது. சிலருக்கு ஒரு இடத்தில் திசு செத்து, கட்டி போலவே வீங்கி நிற்கும். சிலருக்கு மூளை மொத்தமும் சுருங்கி, நினைவும் நிதானமும் குறைந்துகொண்டே போகும்.

நரம்புச் செல் பெருகாதுதான். ஆனால் அதற்குச் சோறு போடும் ரத்தக் குழாயும், அதற்கு உறை போடும் துணைச் செல்களும் மெதுவாகப் பெருகக்கூடியவை. அவை மெதுவாகப் பெருகுவதால் மெதுவாகச் சாகின்றன. 1906-ல் சொன்ன விதி பொய்யில்லை. அதை மூளைக்குப் பொருத்திப் பார்த்தவர்கள் நரம்புச் செல்லை மட்டும் பார்த்தார்கள்.

1971-ல் இங்கிலாந்தில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. அதுவரை இறந்த பிறகு திறந்து பார்த்தால் மட்டுமே தெரிந்தது, இப்போது நோயாளி உயிரோடு இருக்கும்போதே தெரிய ஆரம்பித்தது.

பன்னிரண்டு பேர்

1989-ல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையைச் சேர்ந்த டிஏஞ்சலிஸ், டெலாட்ர், போஸ்னர் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை பலரை உலுக்கியது. உடம்பின் வேறு இடத்திலிருந்து மூளைக்குப் பரவிய புற்றுக்காக, மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு வாங்கிய 12 நோயாளிகளைப் பற்றியது அந்தக் கட்டுரை.

அந்த 12 பேருக்கும் மூளையில் கட்டி போய்விட்டது. திரும்ப வரவே இல்லை. சிகிச்சை வெற்றி. ஆனால் 5 மாதம் முதல் 36 மாதத்துக்குள் அவர்களுக்கு ஞாபகம் தவற ஆரம்பித்தது. நடை தள்ளாடியது. சிறுநீரை அடக்க முடியாமல் போனது. நாளாக ஆகக் கூடிக்கொண்டே போய், எல்லோரையும் முடக்கியது. 7 பேர் அதனாலேயே இறந்தார்கள். புற்றிலிருந்து பிழைத்தவர்கள் சிகிச்சையால் இறந்தார்கள்.

அவர்களுக்குக் கொடுத்த மொத்த அளவு 25 முதல் 39 கிரேதான். வழக்கமான 60-ஐ விட எவ்வளவோ குறைவு. தவறு தவணையில் இருந்தது. ஒரு நாளைக்கு 2 கிரேக்குப் பதிலாக 3 முதல் 6 கிரே வரை கொடுத்திருந்தார்கள்.

ஏன் அப்படி? அலட்சியம் இல்லை. மூளைக்குப் புற்று பரவிவிட்டால் சில மாதம்தான் என்பது அன்றைய அனுபவம். மிச்சம் இருக்கும் கொஞ்ச நாளில் ஆறு வாரத்தை ஆஸ்பத்திரிக்கு அலைவதில் கழிக்கச் சொல்வது கொடுமை. அதனால் பெரிய தவணையாகச் சில நாளில் முடித்துவிட்டார்கள். நோயாளி சீக்கிரம் இறந்துவிடுவார் என்ற அனுமானத்தில் போட்ட திட்டம் அது. இறக்காமல் போனவர்கள்தான் விலை கொடுத்தார்கள்.

அதிக நாள் இருக்க வாய்ப்புள்ளவர்களுக்காவது சிறிய தவணைகளாகக் கொடுங்கள் என்று கட்டுரையாளர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

ஹார்மோனும் இரண்டாவது கட்டியும்

நினைவுக் குறைவு ஒன்றுதான் பாதிப்பு என்று நினைக்க வேண்டாம். மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. கதிர்வீச்சு அதன்மீதோ, அதை நடத்தும் ஹைப்போதலாமஸ் மீதோ பட்டால், சில வருடங்களில் ஹார்மோன்கள் ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பிக்கலாம். தைராய்டு குறையும், பாலியல் ஹார்மோன் குறையும், உடம்பு எப்போதும் அசதியாகவே இருக்கும். 'பெரிய வியாதி வந்து போன உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து மாத்திரையில் சரிசெய்யக்கூடியது, கவனிக்கப்படாமலே போய்விடும். பல வருடம் கழித்துப் பக்கவாதம் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

இன்னொன்று, கதிர்வீச்சே புதிய கட்டியை உண்டாக்குவது. இதற்குப் பெரிய ஆதாரம் இஸ்ரேலில் கிடைத்தது. 1948 முதல் 1960 வரை அங்கே குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளுக்குத் தலையில் வந்த படைநோயைப் போக்க எக்ஸ்ரே சிகிச்சை கொடுத்தார்கள். 10,834 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். மூளைக்குப் போன அளவு சராசரியாக 1.5 கிரேதான். ஆனாலும் மெனிஞ்சியோமா என்ற கட்டி மற்றவர்களை விட 9.5 மடங்கு அதிகமாக வந்திருந்தது.

அது குழந்தைகள் விஷயம். வளரும் உடம்பில் ஆபத்து அதிகம். பெரியவர்களுக்கு? பிட்யூட்டரி கட்டிக்காகக் கதிர்வீச்சு வாங்கிய 334 பேரை இங்கிலாந்தில் தொடர்ந்து கவனித்து 1992-ல் எழுதினார்கள். 10 வருடத்தில் 1.3 சதவீதம் பேருக்கும், 20 வருடத்தில் 1.9 சதவீதம் பேருக்கும் மூளையில் இரண்டாவது கட்டி வந்தது. சின்ன எண்தான், பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் 30 வயதில் சிகிச்சை எடுத்தவருக்கு 50 வயதிலும் ஸ்கேன் தேவை என்பதை இந்த எண் சொல்கிறது.

நம்புகிறவர்களும் நம்பாதவர்களும்

இதுவரை வந்ததெல்லாம் வேகமான கட்டிகள், பரவிய கட்டிகள், பிட்யூட்டரி கட்டிகள். மெதுவாக வளரும் கிளையோமாவில்தான் உண்மையான தர்மசங்கடம். இது பெரும்பாலும் 30, 40 வயதுக்காரர்களுக்கு வருகிறது. திடீரென்று ஒரு வலிப்பு வரும், ஸ்கேனில் கட்டி தெரியும். மற்றபடி வேலைக்குப் போய்க்கொண்டு, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு சாதாரணமாக இருப்பார்கள். இவர்களுக்கு உடனே கதிர்வீச்சு கொடுப்பதா, கட்டி வளரும்வரை காத்திருப்பதா?

1980-களில் ஐரோப்பிய டாக்டர்கள் இதில் இரண்டு கட்சியாக இருந்தார்கள். அதனால் இரண்டு ஆய்வுகளை ஆரம்பித்தார்கள். கதிர்வீச்சை நம்புகிறவர்களுக்கு ஒன்று: 45 கிரே போதுமா, 59.4 கிரே வேண்டுமா? நம்பாதவர்களுக்கு இன்னொன்று: உடனே கொடுப்பதா, பிறகு கொடுப்பதா? 'நம்புகிறவர் ஆய்வு', 'நம்பாதவர் ஆய்வு' என்றே டாக்டர்கள் மத்தியில் பெயர் நிலைத்துவிட்டது. முதல் ஆய்வில் அளவைக் கூட்டியதால் ஆயுள் கூடவில்லை என்று 1996-ல் தெரிந்தது.

இரண்டாவது ஆய்வின் நீண்டகால முடிவு 2005-ல் வந்தது. மொத்தம் 314 பேர். உடனே கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குக் கட்டி 5.3 வருடம் வளராமல் இருந்தது. காத்திருந்தவர்களுக்கு 3.4 வருடம். ஆனால் மொத்த ஆயுள்? 7.4 வருடமும் 7.2 வருடமும். ஏறக்குறைய சமம்! உடனே வாங்கியவர்களுக்கு ஒரு வருடம் கழித்து வலிப்பு குறைவாக இருந்தது, 41 சதவீதத்துக்கு எதிராக 25 சதவீதம். ஆக, முன்கூட்டிக் கொடுத்தால் சில நன்மை உண்டு, ஆயுள் மட்டும் கூடாது.

அப்படியென்றால், இந்த ஏழு வருடத்தை யார் நல்ல நினைவோடு வாழ்ந்தார்கள் என்பதுதானே அடுத்த கேள்வி? அதற்கு இந்த ஆய்வில் பதில் இல்லை. வாழ்க்கைத் தரத்தை அவர்கள் அளக்கவில்லை. அதை ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

பதில் நெதர்லாந்திலிருந்து இரண்டு தவணையாக வந்தது. 2002-ல் அங்கே மெதுவான கிளையோமா உள்ள 195 பேரை உட்காரவைத்து நினைவு, கவனம், வேகம் எல்லாவற்றையும் பரிசோதித்தார்கள். அவர்களில் 104 பேர் கதிர்வீச்சு வாங்கியவர்கள். நோய் கண்டுபிடித்துச் சராசரியாக ஆறு வருடம் ஆகியிருந்தது. மூளையை அதிகம் கெடுப்பது கட்டிதான், ஒரு தவணை 2 கிரேக்கு மேல் போனால் மட்டும் கதிர்வீச்சும் சேர்ந்து கெடுக்கிறது என்று முடிவு சொன்னார்கள். வலிப்பு மாத்திரைகளுக்கும் இதில் பங்கு இருந்தது. எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

அதே குழு அதோடு நிறுத்தவில்லை என்பதுதான் பாராட்ட வேண்டிய விஷயம். அதே நோயாளிகளில் கட்டி வளராமல் இருந்த 65 பேரைத் திரும்ப அழைத்துப் பரிசோதித்தார்கள். இப்போது சராசரியாக 12 வருடம் ஆகியிருந்தது. முடிவு 2009-ல் வந்தது. கதிர்வீச்சு வாங்கியவர்களில் 53 சதவீதம் பேர் 18 அளவீடுகளில் ஐந்திலாவது பின்தங்கியிருந்தார்கள். வாங்காதவர்களில் 27 சதவீதம் பேர். 2 கிரே அல்லது அதற்குக் குறைவான, 'பாதுகாப்பான' தவணை வாங்கியவர்களின் கவன சக்தியும் குறைந்திருந்தது.

ஒரே ஊர், ஒரே நோயாளிகள், ஒரே பரிசோதனை. ஆறாவது வருடத்தில் ஒரு பதில், பன்னிரண்டாவது வருடத்தில் வேறு பதில். ஆறாவது வருடத்தோடு நிறுத்தியிருந்தால் முதல் பதிலையே உண்மை என்று இன்றும் படித்துக்கொண்டிருப்போம்.

அப்படியானால் கதிர்வீச்சே வேண்டாமா?

அவசரப்பட்டு அந்த முடிவுக்குப் போகக்கூடாது. வளரும் கட்டி மூளையைக் கெடுப்பது போல வேறு எதுவும் கெடுப்பதில்லை. கதிர்வீச்சோடு மருந்தும் சேர்ந்தபோது கிடைத்த பலனும் சாதாரணம் இல்லை. 2005-ல் வெளியான ஆய்வில் கிளையோபிளாஸ்டோமாவுக்கு 60 கிரேயோடு டெமோசோலமைட் மாத்திரை சேர்த்தபோது சராசரி ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. ஐந்து வருடம் தாண்டியவர்கள் 1.9 சதவீதத்திலிருந்து 9.8 சதவீதமானார்கள். மெதுவான கிளையோமாவில், கதிர்வீச்சு மட்டும் வாங்கியவர்கள் 7.8 வருடமும், அதோடு பி.சி.வி. என்ற மூன்று மருந்துக் கூட்டும் வாங்கியவர்கள் 13.3 வருடமும் இருந்தார்கள் என்று 2016-ல் வந்தது.

13 வருடம்! 1978-ன் 14 வாரம் எங்கே, இது எங்கே. இரண்டும் வேறு வேறு வகைக் கட்டிதான், நேராக ஒப்பிடக்கூடாது. ஆனால் இவ்வளவு நாள் இருக்கப்போகிறவருக்குப் பன்னிரண்டாவது வருடத்துப் பாதிப்பு வெறும் புள்ளிவிவரம் இல்லை. அவர் வங்கிக்குப் போய்ச் செலான் நிரப்ப முடியுமா, வண்டி ஓட்ட முடியுமா, வேலையில் நீடிக்க முடியுமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

கற்றுக்கொண்டவை

கதிர்வீச்சைக் கைவிடாமல் பாதிப்பைக் குறைக்கும் முயற்சிகள் பல திசையில் நடந்தன.

முதலாவது, குறி. சுவீடனின் லார்ஸ் லெக்ஸெல் 1951-லேயே இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். பல திசையிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவித்தால் அந்தப் புள்ளிக்கு மட்டும் முழு அடி விழும். 1968-ல் அவருடைய காமா நைஃப் சிகிச்சைக்கு வந்தது. மூளைக்குப் பரவிய ஒன்று முதல் மூன்று கட்டிகளுக்கு இந்த முறை மட்டும் போதுமா, மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு சேர்க்க வேண்டுமா என்று டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை சோதித்தது. நான்கு மாதத்தில் நினைவு குறையும் வாய்ப்பு, இரண்டும் வாங்கியவர்களுக்கு 52 சதவீதம், குறிவைத்த கதிர் மட்டும் வாங்கியவர்களுக்கு 24 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் 58 பேரோடு ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2009-ல் வெளியானது. ஆனால் இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. ஒரு வருடத்தில் மூளையில் புதிதாகவோ பழைய இடத்திலோ கட்டி வராமல் இருந்தவர்கள், இரண்டும் வாங்கிய பிரிவில் 73 சதவீதம், மற்றதில் 27 சதவீதம். நினைவைக் காப்பாற்ற அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பது என்ற விலையைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஹிப்போகேம்பஸ். புதிய நினைவுகள் பதிவாகும் இடம் இது. 2002-ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மிஷல் மோஞ்சேயும் மற்றவர்களும், கதிர்வீச்சு பட்டால் அங்கே புதிய நரம்புச் செல்கள் உருவாவது நின்றுவிடுகிறது என்று எலிகளில் காட்டினார்கள். அந்தச் சிறிய பகுதியை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற இடத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தால்? 2014-ல் வந்த முதல் முடிவில், நினைவுக் குறைவு பழைய முறையில் இருந்த 30 சதவீதத்திலிருந்து 7 சதவீதமானது. 518 பேரைக் கொண்ட பெரிய ஆய்வு 2020-ல் அதை உறுதிசெய்தது.

மூன்றாவது, நல்ல மூளையைச் சுற்றி விடும் இடைவெளியைக் குறைப்பது. இதில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 2001 முதல் 2012 வரை, 3 முதல் 25 வயதுக்குட்பட்ட 200 பேரை இரண்டு பிரிவாக்கி, வழக்கமான முறையையும் துல்லியமான முறையையும் ஒப்பிட்டார்கள். 2017-ல் வந்த முடிவில், ஐந்து வருடத்தில் புதிதாக ஹார்மோன் கோளாறு வந்தவர்கள் 51 சதவீதத்துக்குப் பதில் 31 சதவீதம். அறிவுத்திறன் மதிப்பெண்களும் துல்லிய முறையில்தான் நன்றாக இருந்தன. 2019-ல் சென்னையில் புரோட்டான் சிகிச்சை மையமும் ஆரம்பமானது.

நான்காவது, செத்த திசுவுக்கு மருந்து. பெவாசிசுமாப் என்ற மருந்து ரத்தக் குழாய்க் கசிவைக் குறைக்கிறது. 2011-ல் 14 பேரை வைத்து நடந்த சின்ன ஆய்வில் மருந்து வாங்கிய எல்லோருக்கும் வீக்கம் குறைந்தது, வெற்று ஊசி வாங்கிய யாருக்கும் குறையவில்லை.

ஐந்தாவது, தள்ளிப்போடுவது. மெதுவான கிளையோமாவில் ஐ.டி.எச். என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு வோராசிடெனிப் என்ற மாத்திரை கொடுத்தபோது, கட்டி வளராத காலம் 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமானது. 2023-ல் வந்த இந்த முடிவைப் பார்த்து 2024-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கதிர்வீச்சின் தேவையை இது ஒழிக்கவில்லை. ஆனால் 35 வயதில் வாங்க வேண்டியதைச் சில வருடம் தள்ளி வாங்கலாம்.

கடைசியாக

ஒரு செலவை எந்த வருடத்துக் கணக்கில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து லாபம் மாறித் தெரியும். மூளைக் கதிர்வீச்சில் லாபம் முதல் வருடத்திலேயே தெரிந்தது, செலவு பத்தாவது வருடத்தில் வந்தது. இதில் யாரும் ஏமாற்றவில்லை. பார்ப்பதற்கு அன்று பத்தாவது வருடத்தில் ஆளே இல்லை.

இன்று ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் சிகிச்சை முடிந்த அன்றே கணக்கை மூடிவிடக்கூடாது. வருடாவருடம் ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, நினைவுப் பரிசோதனை இவை தொடர வேண்டும். வீட்டில் ஒருவர் சிகிச்சைக்குப் பிறகு முன்போல் இல்லை, எதையும் மறக்கிறார், எதிலும் ஆர்வம் இல்லை என்றால், சோம்பேறித்தனம் என்றோ மனக்கவலை என்றோ ஒதுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதில் சிலவற்றைச் சரிசெய்ய முடியும்.

சிகிச்சைக்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. இப்போதே வேண்டுமா, கொஞ்சம் காத்திருக்கலாமா? ஒரு தவணைக்கு எவ்வளவு? ஹிப்போகேம்பஸையும் பிட்யூட்டரியையும் ஒதுக்க முடியுமா? பதில் ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி மாறும். இணையத்தில் படித்ததை வைத்து சிகிச்சையை மறுப்பது 14 வாரத்துக்குத் திரும்பிப் போவதாக முடியலாம். ஆனால் கேட்பதில் தவறில்லை. இந்தக் கேள்விகள் நியூயார்க்கின் அந்த 12 பேரிடமிருந்தும், 12 வருடம் கழித்துக் கூப்பிட்டதும் திரும்பி வந்து பரிசோதனைக்கு உட்கார்ந்த நெதர்லாந்தின் 65 பேரிடமிருந்தும் கிடைத்தவை.